சொல்லில் உள்ள பொருளும் நெஞ்சில் தோன்றும் பொருளும்

கும்பகோணம் சார்ங்கபாணி கோயிலில், தேர் வடிவாக அமைந்த கர்ப்பக்கிருகத்துக்குள் சயனித்திருக்கும் ஆராவமுதப் பெருமாளைத் தரிசிக்கிறவர்கள், அர்ச்சகர் தீபத்தைத் திருமுகத்தருகே ஏந்திக் காட்டும் அந்தச் சில விநாடிகளில் சற்று ஊன்றிக் கவனித்தால், அவர் முழுக்கப் படுத்திருக்கவுமில்லாமல் முழுக்க எழுந்திருக்கவுமில்லாமல், தலையும் தோளும் சிறிது உயர்ந்து, யாரோ கூப்பிட்ட குரலுக்கு எழத் தொடங்கி நடுவிலே நின்றுவிட்டவர் போலக் கிடப்பதைக் காணலாம். இந்தக் கோலத்துக்கு உத்தான சயனம் என்று பெயர். திருமழிசையாழ்வார் இந்தச் சந்நிதிக்கு வந்து நின்று, உலகையெல்லாம் அளந்த கால் நொந்துபோயிற்றோ, இப்படி ஒரேயடியாகக் கிடக்கிறீரே, எழுந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லலாகாதா என்ற கருத்துப்படப் பாடினாராம். பாட்டைக் கேட்ட பெருமாள் உடனே எழுந்திருக்க முற்பட்டாராம். ஆழ்வார் பதறிப்போய் மங்களாசாசனம் செய்ய, எழுந்தது பாதியும் கிடந்தது பாதியுமாக அப்படியே தங்கிவிட்டாராம். குருபரம்பரைக் கதை இவ்வாறு போகிறது. கவியின் கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு பதில் சொல்லப் புறப்பட்ட ரசிகர்கள் உலகத்தில் மிகச் சிலரே. அவர்களுள் இந்தப் பெருமாளுக்கு முதல் ஸ்தானம் கொடுக்க வேண்டும். அவர் பெரிய பண்டிதராக இருந்திருந்தால், எழுந்திருப்பதாவது ஜீவாத்மாவின் ஹிருதயத்தில் எழுந்தருளுவது என்று தாத்பரியம் சொல்லிவிட்டு, ஆதிசேஷனை விட்டு அசையாமலே படுத்திருந்திருப்பார்!

இதே பெருமாளைப் பற்றிய இன்னொரு செய்தியும் இதே ரகத்தைச் சேர்ந்ததுதான். காட்டுமன்னார்கோயிலில் இருந்த நாதமுனிகள், யாத்திரையாக வந்த சிலர் குடந்தைப் பெருமாள்மேல் நம்மாழ்வார் அருளிய பத்துப் பாசுரங்களைப் பாடக் கேட்டு உருகினார். ஓர் ஆயிரத்துள் இவை பத்து என்ற கருத்து அந்தப் பதிகத்தின் கடைசிப் பாட்டில் வருகிறது. ஆயிரம் என்ற சொல் தமிழில் பல என்ற பொருளிலும் வழங்குவதுதான். ஆயிரம் தடவை சொன்னேன் என்று கோபித்துக்கொள்ளும் தாயார் கணக்கு வைத்துக்கொண்டு பேசுவதில்லை. ஆனால் நாதமுனிகள் அந்த ஆயிரத்தை ஒரு கணக்காகவே கொண்டு, பத்து இங்கே இருக்கிறது, மீதித் தொள்ளாயிரத்துச் சொச்சம் எங்கே என்று விசாரித்தார். பாடியவர்களுக்குத் தெரியவில்லை. கும்பகோணத்துக்கு நடந்தார், அங்கும் கிடைக்கவில்லை, பிறகு தெற்கே நம்மாழ்வாரின் ஊரான குருகூர் வரையில் சென்று, ஆழ்வார்களின் பாசுரங்கள் நாலாயிரத்தையும் பெற்றுத் திரும்பினார் என்பது ஸ்ரீவைஷ்ணவ சம்பிரதாயம். ஒரு சொல்லை அதன் நேரான பொருளில் ஒருவர் நம்பியதால் ஒரு வேதமே மீண்டது என்று இந்தக் கதையை நான் வாசித்துக்கொள்வதுண்டு. இது என் சொந்த வாசிப்பு; குருபரம்பரை இப்படிச் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இக்கட்டுரையில் பேச உத்தேசித்திருக்கிறேன்.

தெய்வ நூல்களைக் குறித்து நம்மிடையே இரண்டு விதமான மனிதர்கள் எப்பொழுதும் இருந்து வருகிறார்கள். எழுத்தில் உள்ளதே பொருள், அதற்கு அப்பால் ஒரு விரற்கடையும் நகரலாகாது என்பவர்கள் ஒரு சாரார். எழுத்தில் உள்ளது பாமரருக்கு, உள்ளே ஒளிந்திருப்பதே விவேகிகளுக்கு என்று சொல்லி, குருக்ஷேத்திரத்தை உடம்பாகவும் சேனைகளை நாடி நரம்புகளாகவும் மாற்றி, கடைசியில் யுத்தம் ஒன்று நடந்ததாகவே ஞாபகமில்லாமல் செய்துவிடுகிறவர்கள் மற்றொரு சாரார். முன்னவர்களோடு பேசுவது கஷ்டம். பின்னவர்களோடு பேசுவது சுலபமானாலும், பேசி முடித்து வீட்டுக்கு வந்தபின் கையில் ஒன்றும் மிஞ்சியிராது. தஞ்சை ஜில்லாவில் ஊருக்கு ஊர் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும், கூப்பிடு தூரத்துக்கு ஒரு மடமும், ஆற்றுத்துறைக்கு ஒரு பாடசாலையுமாக இருந்த காலத்தில், இந்த வழக்கு ஓயாமல் நடந்துகொண்டேயிருந்தது. அதனால்தானோ என்னவோ, இதை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கான முறைகளும் இங்கே நன்றாகவே பண்பட்டன.

கும்பகோணத்துக்கு வடகிழக்கே, மண்ணியாற்றின் கரையில் சேங்கனூர் என்ற சிற்றூர் இருக்கிறது. வைஷ்ணவர்கள் வியாக்கியான சக்கரவர்த்தி என்று கொண்டாடும் பெரியவாச்சான் பிள்ளை அவதரித்த ஊர் அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில், ஸ்ரீரங்கத்தில் நம்பிள்ளையிடம் பாடம் கேட்டு, நாலாயிரம் முழுமைக்கும் தனி ஒருவராக உரை செய்த பெருமை அவருக்கே உரியது. அதில் நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு மாத்திரம் அந்தப் பரம்பரையில் ஐந்து பெரிய வியாக்கியானங்கள் உண்டு. அவற்றை ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்று அளவினாலேயே பெயரிட்டு வழங்குகிறார்கள். படியென்றவுடன் எங்கள் ஊர்க்காரருக்கு நெல் அளக்கும் படிதான் நினைவுக்கு வரும். இது எழுத்து அளக்கும் படி, முப்பத்திரண்டு எழுத்துக் கொண்டது ஒரு படி. பெரியவாச்சான் பிள்ளை செய்தது இருபத்துநாலாயிரம்; அதாவது 1,102 பாசுரங்களுக்கு ஏழு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் எழுத்து. அதிலும் நிற்காமல், நம்பிள்ளை பகலில் சொன்ன காலக்ஷேபத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை இராக்காலத்தில் ஏட்டில் எழுதி வைத்தது முப்பத்தாறாயிரமாயிற்று. ஈடு என்று பெயர் பெற்றது அதுதான். ஆசாரியர் அதைப் பார்த்து மெச்சிக்கொள்ளவில்லை. நம்மைக் கேளாமல் எழுதலாமா என்று கடிந்து, சுவடியை வாங்கி உள்ளே வைத்துவிட்டார் என்று சொல்வார்கள். ஒருவர் பேச்சை உள்ளது உள்ளபடி எழுதியவருக்கே அந்தக் கதியென்றால், தம் மனசில் பட்டதை எழுதுகிறவர் எவ்வளவு யோசித்திருக்க வேண்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த ஐந்தில் என் மனசைக் கவர்ந்தது நடுவில் நிற்கும் பன்னீராயிரம். மற்ற ஆசாரியர்கள் எல்லாம் பாவத்திலும் ரசத்திலும் மூழ்கி எழுதிக்கொண்டிருக்க, வாதிகேசரி அழகிய மணவாள ஜீயர் உட்கார்ந்து பதம் பதமாகப் பொருள் சொல்லி வைத்தார். பெரிய பந்தியில் எல்லாரும் பாயசத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது, சோறு வெந்திருக்கிறதா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்கிறவர் ஒருவராவது வேண்டும் அல்லவா?

வியாக்கியானகாரர்கள் உள்ளுறைக்கு விரோதிகள் என்று இதனால் நினைத்துவிடக் கூடாது. அந்யாபதேசம், ஸ்வாபதேசம் என்று இரண்டு சொற்களை அவர்கள் வைத்திருந்தார்கள். மேலுக்குத் தெரியும் பேச்சு முன்னது, அதன் வழியே தங்கள் சித்தாந்தத்துக்குக் கொள்ளும் பொருள் பின்னது. திருப்பாவையில் விடியற்காலையில் ஒரு வீடு விட்டு ஒரு வீடாகப் போய்ப் பத்துப் பெண்களை எழுப்பும் பாசுரங்களை, பத்து ஆழ்வார்களை எழுப்புவதாகக் கொள்வது பிரசித்தமான ஸ்வாபதேசம். குடம் நிறையப் பால் சொரியும் பசுக்களை, கேட்டவர்க்கெல்லாம் ஞானத்தைச் சொரியும் ஆசாரியர்களாகவும், குடங்களைச் சிஷ்யர்களாகவும் கொள்வது இன்னொன்று. அழகான பொருள்தான். ஆனால் பசு பசுவாக நின்று, கறந்து, குடம் நிறைந்த பிற்பாடுதான் அது ஆசாரியராகிறது. பசுவைப் பார்த்தறியாதவருக்கு அந்த ஆசாரியரும் அகப்படமாட்டார்.

இதை நான் நூல்களிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. சில வருஷங்களுக்கு முன்பு குடமுருட்டிக் கரையில் ஒரு கிராமத்துப் பெருமாள் கோயிலில் மார்கழி உபந்நியாசம் கேட்கப் போயிருந்தேன். அன்று மூன்றாம் பாசுரம். நாடெங்கும் மாதம் மூன்று மழை பெய்வதையும், ஓங்கி வளர்ந்த நெற்பயிரின் ஊடே மீன்கள் துள்ளுவதையும் ஆண்டாள் பாடியிருக்கும் இடம். உபந்நியாசகர் வயதில் சிறியவர், நல்ல குரல். மழையாவது குருவின் உபதேசம், பயிராவது சிஷ்யனுடைய அறிவு, மீனாவது அந்த அறிவில் எழும் ஆனந்தம் என்று அடுக்கிக்கொண்டே போனார். எல்லாரும் தலையை ஆட்டினோம். பிரசாதமாகத் தொன்னையில் வெண்பொங்கல் வாங்கிக்கொண்டு பிரகாரத்தில் நிற்கும்போது, இடுப்பில் துண்டைச் சுற்றியிருந்த ஒரு கிழவர், குத்தகைக்கு ஐந்து மா சாகுபடி செய்கிறவர், உபந்நியாசகரிடம் வந்தார்.

“சாமி, எல்லாம் நல்லாத்தான் சொன்னீங்க. அந்தத் ‘தீங்கின்றி’ங்கிற வார்த்தையை மட்டும் விட்டுட்டுப் போயிட்டீங்களே?”

“விட்டுவிட்டேனா, பெரியவரே?”

“வெளியில வயலைப் பாருங்க. சம்பா பூவும் பாலுமா நிக்குது. இந்த நேரத்துல ஒரு மழை புடிச்சா பயிரு சாஞ்சுடும். சாஞ்சது தண்ணியில கிடந்தா கதிரெல்லாம் பதராப் போயிடும். மழை வேணும்னு கேக்கறது யாருக்கும் வரும் சாமி. தீங்கில்லாம வேணும்னு கேட்டுருக்காங்க பாருங்க, அந்தம்மா வரப்புல நின்னு பாத்தவங்க.”

உபந்நியாசகர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு, “நாளைக்கு அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்” என்றார். அப்படியே ஆரம்பித்தார், அந்த மாதத்தில் நான் கேட்டவற்றுள் அன்றைய பிரசங்கந்தான் மிகவும் உயர்ந்திருந்தது.

நேர்பொருள் என்றால் எளிய பொருள், மேலோடு நின்றுவிடுகிற பொருள் என்ற எண்ணம் எப்படியோ நம்மிடம் வந்துவிட்டது. அந்தக் கிழவர் சொன்னது நேர்பொருள்தான். அதைச் சொல்ல அவருக்கு ஐம்பது போகம் தேவைப்பட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துவிட்டுப் போன பின்பு வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் ‘தீங்கின்றி’ என்ற சொல்லுக்குப் பதவுரை வேண்டியிராது.

நேர்பொருளை எப்பொழுது விடலாம் என்பதற்குச் சாஸ்திரக்காரர்கள் ஓர் அழகான நியாயம் வைத்திருக்கிறார்கள். தஞ்சை நாயக்கர்களின் மந்திரியாக இருந்த கோவிந்த தீக்ஷிதர் 1542-இல் ஏற்படுத்தியதாகச் சொல்லப்படும் ராஜா வேத காவிய பாடசாலை கும்பகோணத்தில் இன்றும் நடந்து வருகிறது. அதுபோன்ற பாடசாலைகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் கேட்டு வந்த உதாரணம் ஒன்று, கங்கையில் இடைச்சேரி என்பது. எங்கள் பக்கத்துக்குத் தக்கபடி மாற்றிச் சொன்னால், காவிரியில் எங்கள் கிராமம் என்று ஒருவர் சொல்லுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்று வெள்ளத்தின்மேல் வீடு கட்ட முடியாது. ஆகவே சொல்லின் முக்கியார்த்தத்துக்கு இடையூறு வந்துவிட்டது. உடனே நமக்கு இஷ்டமான பொருளுக்குத் தாவிவிடலாமா என்றால், கூடாது. முக்கியார்த்தத்தோடு சம்பந்தமுள்ள பொருளாக இருக்க வேண்டும். கரை ஆற்றை ஒட்டியிருக்கிறது. ஆகவே காவிரிக்கரையில் கிராமம் என்று கொள்ளலாம். அப்படியானால் கரையில் என்றே சொல்லியிருக்கலாமே, சுற்றிவளைப்பானேன்? அதற்கும் ஒரு பிரயோஜனம் இருக்க வேண்டும்: காவிரியின் குளிர்ச்சியும் புனிதமும் கிராமத்துக்கு ஏறுவதற்காகவே அப்படிச் சொன்னது. இடையூறு, சம்பந்தம், பிரயோஜனம் ஆகிய மூன்றும் கூடினால்தான் லக்ஷணை. தமிழிலக்கணத்தார் ஆகுபெயர் என்று சுருக்கமாக முடித்துக்கொண்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

வேள்வித் தூணைச் சூரியனென்று வேதம் ஓரிடத்தில் சொல்லுகிறது. மீமாம்சகர்கள் தூணுக்குள் சூரியன் இருக்கிறானென்று சாதிக்கவுமில்லை. வேதம் பொய் சொல்லுகிறதென்று கைவிடவுமில்லை. நெய் பூசிய தூண் பளபளவென்று பிரகாசிக்கிறது, அதைப் புகழ்ந்த வார்த்தை இது, அர்த்தவாதம் என்று தீர்த்துவிட்டுக் காரியத்தைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

இடையூறு என்ற அந்த முதல் நிபந்தனையை வேண்டுமென்றே உண்டாக்கி வைத்துப் பாடியவர் ஒருவர் எங்கள் சீமையில் இருந்தார். ஆடுதுறைக்குக் கிழக்கே திருவாவடுதுறையில், கோமுத்தீசுவரர் கோயிலில் திருமூலருக்குச் சந்நிதி இருக்கிறது. மேய்த்தவன் இறந்ததைக் கண்டு கதறிய பசுக்களுக்காக இடையன் உடம்பில் புகுந்த சித்தர், அங்கே ஆண்டுக்கு ஒரு பாட்டாக மூவாயிரம் பாடினார் என்பது வரலாறு. திருமந்திரத்தின் ஒன்பதாம் தந்திரத்தில் சூனிய சம்பாஷணை என்று ஒரு பகுதி வருகிறது. அதில் ஒரு பாட்டில் கத்தரி விதைக்கிறார்கள், பாகல் முளைக்கிறது. புழுதியைத் தோண்டுகிறார்கள், பூசணி பூக்கிறது. தோட்டக்காரர்கள் தொழுதுகொண்டு ஓடுகிறார்கள். முடிவில் வாழை பழுக்கிறது. எங்கள் ஊரில் எந்தக் குடியானவனிடம் சொன்னாலும், விதை வாங்கின கடையைச் சொல் என்றுதான் கேட்பான்! அந்தச் சிரிப்புத்தான் பாட்டின் வாசல். கத்தரிக் கொல்லையில் பாகல் முளைக்காது என்று திட்டமாக அறிந்தவனுக்கே இங்கே வேறு ஏதோ சொல்லப்படுகிறது என்பது உறைக்கும். விதைத்தது யோகப் பயிற்சி, முளைத்த கசப்பு வைராக்கியம், புழுதி தத்துவங்கள், ஓடினவர்கள் புலன்கள் என்று உரைகாரர்கள் பொருள் விரிக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் அந்தந்தக் காய்கறியோடு ஒரு சம்பந்தம் காட்டியே விரிக்கிறார்கள். பாகலைக் கசப்பு என்று கொண்டால் ஒத்துக்கொள்ளலாம். பாகலை வாகனம் என்றோ வைரமென்றோ கொள்ள வந்தால், அதற்குக் கத்தரிக் கொல்லையே தேவலை.

அதே திருவாவடுதுறையில், ஆதீனத்து மடத்தில் வாழ்ந்தவர் சிவஞான முனிவர். பாண்டி நாட்டில் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, காவிரி நாட்டில் புகழ்பெற்று, 1785-இல் பரிபூரணமடைந்த அந்த மகான், சிவஞானபோதத்துக்குச் செய்த மாபாடியத்தைச் சைவ உலகம் சிகரமாகக் கொண்டாடுகிறது. பன்னிரண்டு சூத்திரம், நாற்பதே அடி. அதற்கு அத்தனை பெரிய பாடியம். வெகுகாலம் மடத்துச் சுவடியாகவே பாதுகாக்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டில்தான் அது அச்சேறியது. ஆனால் அவரே அதே நூலுக்குச் சிற்றுரை என்று மற்றொன்றும் செய்திருக்கிறார் என்பது பலருக்கு ஞாபகம் வருவதில்லை. வடமொழியிலும் தமிழிலும் உள்ள தர்க்கத்தையெல்லாம் கரைத்துக் குடித்த ஒருவர், சொல்லுக்குச் சொல் பொருளும் கருத்தும் மட்டும் எழுதித் தனியே வைத்துவிட்டு, விரிவை வேறு நூலாக்கினார். இரண்டையும் ஒரே இலையில் குழைத்துப் பரிமாறவில்லை. சொற்பொருளில் அவருக்கு இருந்த பிடிவாதமோ அபாரமானது: ‘எடுத்து’ என்ற ஒரே சொல்லுக்காக அவர் எழுதிய வாதநூலுக்கு வைரக் குப்பாயம் என்று பெயர். ஒரு வினையெச்சத்துக்கு வைரத்தில் சட்டை தைத்துப் போட்டவர் வேறு எந்த மொழியிலாவது உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

வினையெச்சங்களைக் குறைவாக மதிப்பிடுவதற்கில்லை. கீதையின் முடிவில், தருமங்களையெல்லாம் விட்டுத் தன்னையே சரணடையுமாறு கண்ணன் சொல்லும் இடத்தில், அந்த ‘விட்டு’ என்பது விடச் சொல்லும் விதியா, விட்டு நிற்கும் சக்தியற்றவனின் நிலைமையைச் சொல்லும் அநுவாதமா என்பதில் தென்கலையாரும் வடகலையாரும் நூற்றாண்டுகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். இருவரும் மகான்கள், இருவரும் இலக்கணத்தைத்தான் பிடித்துக்கொண்டு வாதாடுகிறார்கள். எனக்கு இப்படித் தோன்றுகிறது என்று ஒருவரும் வழக்கை முடித்துக்கொள்ளவில்லை.

நேர்பொருள் நெஞ்சைச் சுடும் இடங்களும் உண்டு. பெரியவாச்சான் பிள்ளையின் ஊர் என்று சொன்னேனே, அந்தச் சேங்கனூர் சைவர்களுக்குச் சேய்ஞலூர். சண்டேசுர நாயனார் பிறந்த பதி. விசாரசருமன் என்ற அந்தணச் சிறுவன் ஊர்ப் பசுக்களை மேய்த்துக்கொண்டு, மண்ணியாற்று மணலில் சிவலிங்கம் அமைத்துப் பால் சொரிந்து பூசை செய்ததும், தகப்பனார் எச்சதத்தர் வந்து கோபத்தினால் பாற்குடத்தைக் காலால் இடறியதும், பையன் கையில் எடுத்த கோல் மழுவாகித் தந்தையின் கால்களைத் துணித்ததும், சிவபெருமான் தோன்றித் தம் கொன்றை மாலையை அவனுக்குச் சூட்டியதும் பெரிய புராணம் சொல்லும் கதை. தகப்பனார் என்பது அகங்காரம், கால் என்பது அதன் ஆதாரம் என்று சொல்லி இதை மெத்தென்று ஆக்கிவிடுகிற பிரசங்கங்களை நான் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது நிம்மதியாகத்தான் இருந்தது. சேக்கிழாரோ அப்படி ஒன்றும் செய்யாமல், தந்தை, மகன், வெட்டு, இரத்தம் எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு, நம்மைத் திணற விட்டுவிடுகிறார். அந்தத் திணறலை நம்மிடமிருந்து பறித்துக்கொள்ள எந்த உரைகாரருக்கும் உரிமை இல்லையென்பது என் அபிப்பிராயம்.

சண்டேசருக்கு நேர்ந்த மற்றொரு வியாக்கியானத்தை எந்தச் சிவன் கோயிலிலும் பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஊர்ச் சபைகள் கோயில் பணத்தை வட்டிக்கு வாங்கும்போது சண்டேசுர தேவரிடம் வாங்கியதாகவே எழுதிக் கொடுத்திருக்கின்றன. கோயிலின் கொடுக்கல் வாங்கலெல்லாம் அவர் பெயரில். ஆகவே வெளியே போகிறவர்கள் அவர் சந்நிதியில் வெறுங்கையைத் தட்டிக் காட்டி, சிவன் சொத்து ஒன்றும் எடுத்துப் போகவில்லை என்று தெரிவித்துக்கொள்வதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தப் பொருள் மறந்துபோனபோது, அவருக்குக் காது கேட்காது, அதனால்தான் தட்டுகிறோம் என்று ஒருவர் சொன்னார். பின்னால் வந்தவர் கையை நொடித்தார். அதற்குப் பின்னால் வந்தவர், வேட்டியிலிருந்து ஒரு நூலைப் பிய்த்து அவர்மேல் போட்டு, புது வஸ்திரம் கிடைக்க வேண்டுமென்று பிரார்த்தித்துக்கொண்டார். இன்று பல கோயில்களில் சண்டேசர் நூல் குப்பைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். நூல் போடாதீர்கள் என்று பலகை வேறு எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் நமக்கென்று ஒரு பொருள் தோன்றவே கூடாதா? மணவாள மாமுனிகள் (1370–1443) தம் உபதேச ரத்தினமாலையில் இதற்கு ஏறக்குறைய நேராகவே விடை கூறியிருக்கிறார். முன்னோர் சொன்ன முறையைச் சரியாகக் கேட்டு, ஆராய்ந்து, அதைப் பேசாமல், தங்கள் நெஞ்சில் தோன்றியதைச் சொல்லிவிட்டு, இதுவே பரம்பரையாக வந்த சுத்தமான உபதேசம் என்று சாதிப்பவர்களை அவர் மூர்க்கர் என்கிறார். சாதுவான மனிதர், அவர் வாயிலிருந்து வந்த மிகக் கடுமையான வார்த்தைகளில் அது ஒன்றாக இருக்கும். ஆனால் கூர்ந்து பார்த்தால், நெஞ்சில் தோன்றியதற்காக மட்டும் அவர் கோபிக்கவில்லை என்று எனக்குப் படுகிறது. கேளாமல் பேசியதற்கும், தன் சரக்கைப் பெரியவர் சரக்கென்று சொல்லி விற்றதற்குமே அந்தக் கோபம். தன் வயலில் விளைந்ததை ஒருவன் தன் வயலில் விளைந்தது என்று சொல்லி அளந்து கொடுத்தால் யாருக்கு நஷ்டம்?

கேட்பது என்றால் எவ்வளவு தூரம் போய்க் கேட்பது என்பதற்கு, பாபநாசத்துக்கு அருகே உத்தமதானபுரத்தில் பிறந்த உ. வே. சாமிநாதையரை நினைத்துக்கொள்ளலாம். கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியராக இருந்த சமயம், சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கத் தொடங்கினார். சமண காவியம் அது. அவரோ திருவாவடுதுறை மடத்தில் பாடம் கேட்ட சிவபக்தர். விளங்காத இடங்களுக்குத் தம்முடைய புத்தியையும் சைவ சாஸ்திரப் பயிற்சியையும் கொண்டு பொருள் சொல்லியிருந்தால் கேட்பாரில்லை. அவர் கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடிச் சென்று, இந்தச் சொல்லுக்கு உங்களவர்கள் என்ன பொருள் சொல்லுகிறார்கள் என்று மாணாக்கன் போல உட்கார்ந்து கேட்டார். புத்தகம் 1887-இல் வெளிவந்தது. சமண நூலுக்கு ஏன் இந்த உழைப்பு என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள்.

மணவாள மாமுனிகளைப் பற்றிச் சொல்ல இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. சேங்கனூர்ப் பெரியவாச்சான் பிள்ளை நாலாயிரத்துக்கும் செய்த உரையில், பெரியாழ்வார் திருமொழிக்குச் செய்த பகுதி மட்டும் பிற்காலத்தில் செல்லரித்துப் போயிற்று. நானூற்றுக்கு மேற்பட்ட பாசுரங்களுக்கு உரை இல்லை, கடைசியில் ஒரு சிறு பகுதிக்கு மாத்திரம் ஏடு மிஞ்சியிருந்தது. அந்தக் குறையை நிரப்ப மாமுனிகள் உரை எழுத உட்கார்ந்தார். முழு நூலுக்கும் தாமே ஒரு வியாக்கியானம் எழுதியிருந்தால் வேண்டாமென்பவர் அன்றைக்கு யாரும் இல்லை. அவரோ ஏடு அரித்துப்போன பாசுரங்களுக்கு மட்டும் எழுதிக்கொண்டே வந்து, பெரியவாச்சான் பிள்ளையின் வார்த்தைகள் மீண்டும் எந்தச் சொல்லில் தொடங்கினவோ, அந்தச் சொல்லுக்கு முன்னால் தம் எழுத்தாணியை நிறுத்திவிட்டார் என்று பெரியோர் சொல்லுகிறார்கள். இன்றும் அச்சுப் பிரதிகளில் முற்பகுதி உரை மாமுனிகள் பெயரிலும் பிற்பகுதி உரை பெரியவாச்சான் பிள்ளை பெயரிலும் இருக்கின்றன.